குன்னூர் ஈரத்துக்குத் தாங்கிய பழைய டிரங்குப் பெட்டி

மலையில் கம்பளி, ஸ்வெட்டர், பட்டுப்புடவை இதையெல்லாம் வைக்க, நன்றாகச் சரிசெய்த பழைய இரும்பு டிரங்குப் பெட்டிக்கு ஈடில்லை என்பது என் தீர்மானமான கருத்து. என் பெட்டி 2019 தொடக்கத்தில் பழைய சாமான் கடையில் வாங்கியது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் பூசண வாடை அடிக்காத ஒரே இடம் அதுதான். அதே அறையில் சுவரோரம் நின்ற பிளைவுட் பீரோவின் முதுகு ஓதம் குடித்து உப்பிப்போனது. ஆனால் ஒன்று: கையிலிருக்கும் காசைப் பெட்டியின் வெளிப்பளபளப்பில் கொட்டாதீர்கள். உட்புறத்துக்கும் அடித்தகட்டுக்கும் போடுங்கள்.

குன்னூரில் இந்தப் பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்திலேயே ராணுவ முகாம் உள்ள வெலிங்டன். பட்டாளத்துக் குடும்பங்கள் மாற்றலாகி வருவதும் போவதுமாக இருப்பதால், வெள்ளை எழுத்தில் பெயரும் எண்ணும் எழுதிய கறுப்புப் பெட்டிகள் கடைக்கு வந்துகொண்டே இருக்கும். வாங்கும்போது மூடியில் உள்ள துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது தேய்த்தால் போய்விடும். பெட்டியைக் கவிழ்த்து அடித்தகட்டின் மடிப்பைப் பாருங்கள். தண்ணீர் தங்கி அரிப்பது அங்கேதான். ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்தி, தகடு உள்ளே போனால் அந்தப் பெட்டி வேண்டாம். செல்போன் டார்ச்சை உள்ளே வைத்து மூடி, இருட்டில் சுற்றிப் பார்த்தால் ஊசித்துளைகூடத் தெரிந்துவிடும். என் பெட்டியில் இருந்த துளைகளை எம்-சீல் வைத்து அடைத்தேன், இதுவரை பிடித்து நிற்கிறது. ஆடிக்கொண்டிருந்த கீலைப் பட்டறையில் கொடுத்துப் புது ரிவெட் அடித்து வாங்கினேன். நசுங்கலைப் பட்டறைக்காரரே கொட்டாப்புளியால் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார்.

பழைய பெயிண்டைச் சுரண்டும்போது தூசி பறக்கக் கூடாது. இதில் நான் கறார். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் போகக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெட்டி என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்து, வழிவதைத் துணியில் ஒற்றி எடுத்தேன். குழந்தைகளைப் பக்கத்தில் விடவில்லை. தேய்க்கத் தேய்க்க ஒரு பெயருக்கு அடியில் இன்னொரு பெயர் வந்தது; பெட்டி பல கை மாறியிருக்கிறது. ஈரத்தை உடனே துடைத்து வெயிலில் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தேய்த்த இடத்திலேயே புதுத் துரு பூக்கும்.

தேயிலைச் சாயத்தைக் கெட்டியாகத் தடவினால் துரு கறுத்து அடங்கிவிடும் என்று இங்கே சொல்வார்கள். கறுப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கறுப்பு விரலால் தேய்த்தாலே வந்துவிடுகிறது, பெயிண்டுக்கு அடித்தளமாகாது. பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கிதான் சரிப்பட்டது. அதன் மேல் ரெட் ஆக்சைடு பிரைமர், உள்ளும் புறமும் இரண்டு பூச்சு. மடிப்புகளுக்குள் சின்ன பிரஷ்ஷை விட்டு இன்னொரு முறை. பெயிண்ட் உரிந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் படிகக் கோலம் தெரிந்தால் அது துத்தநாகம் பூசிய தகடு. அதற்கென்று உள்ள பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். நேராக எனாமல் அடித்தால் துத்தநாகமும் பெயிண்டிலுள்ள எண்ணெயும் வினைபுரிந்து, தோல் உரிவதுபோல உரிந்துவிடும்.

எனாமல் அடித்தது பிப்ரவரியில். குன்னூரில் அக்டோபர், நவம்பரில் கொட்டும் மழையும் மூடுபனியும் ஓய்ந்து, காற்று காய்ந்திருக்கும் மாதம் அது. பனி இறங்கும் நேரத்தில் அடித்த எனாமல் வெளிறிப்போகும். காலையில் தகடு கொஞ்சம் சூடேறிய பிறகு தொடங்கி, மதியத்துக்குள் முடிப்பது நல்லது. காய்ந்த பிறகும் வாடை போகும்வரை சில வாரம் திறந்தே வைத்திருந்துவிட்டுத்தான் துணி அடுக்கினேன்.

பெட்டி எப்படிப்பட்டது என்று தெரிந்தது முதல் வடகிழக்குப் பருவமழையில். விடியற்காலையில் திறந்தால் மூடியின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். மழை ஒழுகவில்லை. பகலில் திறந்தபோது உள்ளே போன ஈரக்காற்று, இரவில் தகடு குளிர்ந்ததும் அதில் படிந்து நீராகிவிட்டது. மலையில் இரும்புப் பெட்டியை அரிப்பது பெரும்பாலும் இந்த நீர்தான். உட்புற பிரைமரை நான் இவ்வளவு வலியுறுத்துவதும் அதனால்தான். இப்போது துணிகளுக்கு மேல் ஒரு பழைய நூல் வேட்டியை நாலாக மடித்துப் போட்டிருக்கிறேன், சொட்டுவதை அது வாங்கிக்கொள்கிறது. மழை மாதங்களில் அவசியம் இல்லாமல் திறப்பதில்லை. வெயில் அடிக்கும் நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து உலர்த்துகிறேன். பெட்டி மரக்கட்டைகள் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சப் போடும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் மணிகள் பச்சையாக மாறியதும் வாணலியில் மெதுவான சூட்டில் வறுத்தால் மறுபடி உழைக்கும். நீல நிற ஜெல்லில் நச்சுள்ள கோபால்ட் இருப்பதால் அதை வாங்குவதில்லை.

பூச்சிக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போடுகிறோம். நாப்தலின் உருண்டை போடுபவர்கள் கூடவே கற்பூரத்தையும் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இளகித் துணியில் கறை பிடிக்கும். பச்சைக்குழந்தைத் துணி இருக்கும் பெட்டியில் நாப்தலினே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதியின் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

பெட்டி, பட்டறைக் கூலி, பெயிண்ட் சாமான்கள் எல்லாம் சேர்த்து அப்போது சுமார் 1,600 ரூபாய் ஆனது. இதுவரை மறுபடி பெயிண்ட் தேவைப்பட்டது கொண்டி உரசும் இடத்திலும் கைப்பிடிக்குக் கீழேயும் மட்டும். அடித்தகட்டு மடிப்பை வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்பு, கவிழ்த்துப் பார்த்துவிடுகிறேன்.