வெள்ளை நாய்க்குச் செங்கறை: ஷாம்புவா, பொடியா, கத்தரிக்கோலா?

எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் இருப்பது வெள்ளை பாமரேனியன். கண்ணுக்குக் கீழே துருப்பிடித்த மாதிரி ஒரு கோடு. எல்லா வழியையும் அலசிப் பார்த்துவிட்டு நான் கத்தரிக்கோல் பக்கம் சாய்ந்துவிட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்தக் கறை என்று முதலில் பாருங்கள். திசையன்விளைப் பக்கத்துத் தேரியில் புரண்டு வந்த செம்மண் என்றால், காய்ந்ததும் தட்டி, சீப்பால் வாரிக் குளிப்பாட்டினால் பெரும்பாலும் போய்விடும். கண்ணோரம், வாயோரம், நக்குகிற பாதம் இங்கெல்லாம் வருவது வேறு சங்கதி. கண்ணீரிலும் எச்சிலிலும் உள்ள போர்பைரின் என்ற நிறமி முடியில் ஊறிவிடுகிறது. வெயில் பட்டால் இன்னும் கருக்கும், நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்!

ஒயிட்டனிங் ஷாம்புவில் உள்ள நீலம், ஊதா நிறம் மஞ்சளை மறைக்கும், அவ்வளவுதான். உடம்புக்குச் சரி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது. ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படியே, கண்ணில் பட்டால் ஆபத்து.

உணவில் கலக்கும் பொடிகள் சிலவற்றில் டைலோசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்தது. அனுமதியில்லாமல் அப்படி விற்ற நிறுவனங்களுக்கு அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-ல் எச்சரிக்கை விட்டது. நான் பொடி கொடுத்ததில்லை, அதனால் எவ்வளவு வெளுக்கும் என்று சொல்ல மாட்டேன். அழகுக்காக ஆன்டிபயாட்டிக் கொடுக்க எனக்கு மனசில்லை.

இனி கத்தரிக்கோல். ஏறிய கறை தானாக வெளுக்காது, அந்த முடி வளர்ந்து உதிர வேண்டும், இல்லை வெட்ட வேண்டும். அப்படியென்றால் புதிதாக வரும் முடியை ஈரமில்லாமல் வைத்திருக்க முடியுமா என்பது ஒன்றுதான் கேள்வி, ஷாம்பு, பொடி எதுவும் இந்த வேலையைச் செய்வதில்லை. முனை மழுங்கிய கத்தரியால், ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, முனை கண்ணைப் பார்க்காதபடி கண்ணோர முடியை மட்டும் குறைக்கிறோம். அப்புறம் காலையும் மாலையும் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, உடனே உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுக்கிறோம். பலரும் துடைப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், ஒற்றுவதுதான் முக்கியம். ஈரம் தங்கினால் ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருகி, நாற்றமும் அரிப்பும் வந்து, நாய் நக்க நக்கப் பாதமும் சிவந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலை இரட்டிப்பு, அலுப்பாகத்தான் இருக்கும். செலவு என்று பார்த்தால் பஞ்சுக்கு மட்டும்தான்.

வெயில் காலம் என்று பாமரேனியனின் உடம்பு முழுக்க மொட்டை அடித்துவிடாதீர்கள், உள்முடி, வெளிமுடி என்று இரண்டு அடுக்கு உள்ள நாய்க்குச் சில சமயம் முடி பழையபடி வளராது. குட்டை முடி ராஜபாளையத்துக்குக் கத்தரியே தேவைப்படாது, துடைத்து ஒற்றினாலே போதும் என்று நினைக்கிறேன். நான் வளர்த்ததில்லை, தெரிந்தவர் வீட்டில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு கண்ணில் மட்டும் திடீரென நீர் வடிந்தாலோ, கண் சிவந்து இடுக்கிக்கொண்டு பார்த்தாலோ இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். கண்ணீர்க் குழாய் அடைப்பாக இருக்கலாம், இமைமுடி உள்ளே குத்தலாம், ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.

போர் தண்ணீரை நிறுத்திவிட்டு கேன் தண்ணீர் வைத்தால் கறை குறையும் என்கிறார்கள். நானும் மாற்றினேன், பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை.