வாடகையைவிட 2,000 ரூபாய் கூடத் தருகிறேன் என்று யாராவது வந்தால்

பிளாட் வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

2024 ஜனவரியில் சென்னை மேடவாக்கம் பக்கம் கைமாறி வந்த ஒரு பிளாட்டை 52 லட்சத்துக்கு வாங்கினேன். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்ந்து 4,68,000 ரூபாய். வங்கிக் கடன் 40 லட்சம்; 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை 34,713. அந்தத் தெருவில் வாடகை 17,000. வீட்டு வரி, வீடு காலியாகக் கிடக்கும் மாதம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பெயிண்ட் செலவு எல்லாம் போக வருடத்துக்கு ஒன்றரை லட்சம் தேறும். போட்ட பணத்துக்கு 3 சதவீதம்கூட வரவில்லை. இடத்தின் விலை ஏறும் என்றுதான் வாங்கினேன். ஆனாலும் மாதாமாதம் சம்பளத்திலிருந்து 17,000 ரூபாய்க்கு மேல் எடுத்துத் தவணைக்குப் போடுவது உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் வீட்டைப் பராமரித்துத் தரும் நிறுவனம் என்று ஒருவர் வந்தார். "சார், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 19,000 உங்கள் கணக்குக்கு வந்துவிடும். கோயம்புத்தூரிலிருந்து நீங்கள் அலைய வேண்டாம்" என்றார். ஒப்பந்தத்தில், நிறுவனம் வீட்டை 'வாடகைக்கோ லீஸுக்கோ' விடலாம் என்று ஒரு வரி இருந்தது. லீஸ் என்றால் மாத வாடகைக்குப் பதில் ஒரு பெரிய தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது திருப்பிக் கொடுப்பது. படித்தேன், கையெழுத்தும் போட்டேன். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்காமல் உள்வாடகை விடக்கூடாது என்று நம் வாடகைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சம்மதத்தை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று அன்று உறைக்கவில்லை.

ஏழு மாதம் ஐந்தாம் தேதி தவறாமல் பணம் வந்தது. எட்டாவது மாதம் வரவில்லை. போன் எடுக்கவில்லை. சரி என்று பஸ் ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்த அம்மாவிடம் நான்தான் வீட்டுக்காரர் என்றேன். அவர் நம்பவில்லை. உள்ளே போய் பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். அதற்குள் 11 மாத ஒப்பந்தம். லீஸ் தொகை 9 லட்சம் என்று எழுதியிருந்தது. கூடவே என் கிரயப் பத்திரத்தின் ஜெராக்ஸ். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் என் கையெழுத்து. அந்த 9 லட்சம் அவர்கள் நகையை விற்றும் கடன் வாங்கியும் புரட்டிய பணம். நான் அவரிடம் 'வாடகை ஏன் வரவில்லை' என்று கேட்கப் போயிருந்தேன்.

எனக்குக் கொடுத்தது ஏழு மாதத்துக்கு 1,33,000. அந்தக் குடும்பத்திடம் வாங்கியது 9 லட்சம். என் மாத வாடகையே அவர்கள் பணத்திலிருந்துதான் வந்திருக்கிறது. 17,000 வாடகை போகும் வீட்டுக்கு ஒருவர் 19,000 கொடுத்தால், அந்த 2,000 எங்கிருந்து வருகிறது என்று நான் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும்.

இடையில், வீட்டின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றும் எடுத்துப் பார்த்திருந்தேன், சுத்தமாக இருந்தது. பதிவு செய்யாத ஒப்பந்தம் அதில் வராது. ஆகவே சான்றை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். இப்படி ஒரு நிறுவனத்திடம் வீட்டை விட்டிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே நேரில் போங்கள். குடியிருப்பவரிடம் மாதம் எவ்வளவு கொடுக்கிறார், மொத்தமாக ஏதாவது கொடுத்தாரா என்று கேளுங்கள், ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக விடுவதாக இருந்தால் குடிவருபவரோடு நீங்களே எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். லீஸுக்குப் போகிறவர்களும் வீட்டுக்காரரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பணம் கிடைக்காமல் காலி செய்ய மாட்டோம் என்கிறார்கள். போகச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. தாம்பரம் காவல் ஆணையரகத்தில் அவர்களும் நானும் சேர்ந்தே புகார் கொடுத்திருக்கிறோம். தவணை 34,713 மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது.