5.8 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு எத்தனை டெசிபெல் வித்தியாசம் போதும்? ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தென்னந்தோப்பின் மோட்டார் அறைக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு நேரடி வயர்லெஸ் இணைப்பைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கண்காணிப்புக் கேமராக்களும் மோட்டாரை இயக்கும் கருவியும் இதை நம்பியே இருக்கின்றன. இப்படி ஓர் இணைப்பு அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் சிக்னல் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் (ரேடியோவில் கலக்கும் தேவையற்ற அலைகளுக்கும்) உள்ள வித்தியாசத்தை அல்லவா முதலில் கேட்க வேண்டும்?

20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் வெப்பத்தால் இயல்பாக எழும் இரைச்சல் -101 டிபிஎம் (அலையின் வலுவை டெசிபெல்லில் சொல்லும் அலகு; எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு கூடும்). ரேடியோவின் சொந்த இரைச்சலும் சேர்ந்தால் அது -95 அளவில் நிற்கும். சேனலை 40 ஆக விரித்தால் இரைச்சல் 3 டெசிபெல் கூடி -92 ஆகிறது. எனக்குக் கிடைக்கும் சிக்னல் -62 என்பதால் 40 மெகாஹெர்ட்ஸில் வித்தியாசம் 30 டெசிபெல். 64 க்வாம் (அலையில் தரவை நெருக்கி ஏற்றும் ஓர் உயர்வேக முறை) தரும் உச்ச வேகத்துக்கு ஏறத்தாழ 25 தேவைப்படுவதால் இது தாராளமாகவே இருந்தது.

பின்னர் அக்கம்பக்கத்தில் வேறொரு இணைப்பு அதே சேனலை ஒட்டி இயங்கத் தொடங்கியது. சிக்னல் -62 இலிருந்து அசையவில்லை. இரைச்சல் மட்டும் -83க்கு ஏறியதால் வித்தியாசம் 21 ஆகச் சுருங்கியது. இணைப்பு அறுபடவில்லை என்றாலும் வேகம் படிப்படியாக இறங்கி, கேமராப் படம் விட்டுவிட்டு வந்தது. அகலத்தை 20 ஆகக் குறைத்து, காலியான சேனலுக்கு மாறியதும் வித்தியாசம் 33க்கு வந்தது. அதன் பிறகு 40க்குத் திரும்ப எனக்குத் தோன்றியதே இல்லை, ஏனெனில் தோப்புக்கு வேண்டியது வேகத்தைவிட நிதானம்.

அனுப்பும் திறனைக் கூட்டுவதைப் பலர் பரிகாரமாகச் சொல்கிறார்கள். அதனால் பயன் பெறுவது எதிர்முனை மட்டுமே. நம் பக்கத்து இரைச்சல் அப்படியே இருக்கும். மேலும் 64 க்வாம் போன்ற உயர்வேகப் பண்பேற்றங்களில் (தரவை அலையில் ஏற்றும் முறைகளில்) அதிகத் திறன் அலையையே சிதைக்கும் என்பதால்தான் விவரக்குறிப்புத் தாள்களில் வேகம் கூடக்கூட அனுப்பும் திறன் குறைத்துக் காட்டப்படுகிறது.

மழைக்காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் இணைப்பின் நடுவில் பிரெனெல் மண்டலத்தின் (இரு ஆன்டெனாக்களுக்கு இடையே நேர்கோட்டைச் சுற்றி அலை பரவிச் செல்லும் வெளியின்) ஆரம் சுமார் 5 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும். வழியிலுள்ள தென்னைகளின் மட்டைகள் அதற்குள் நீண்டு, நனைந்தும் இருக்கும் நாள்களில் எனக்கு 6 முதல் 8 டெசிபெல் வரை குறைகிறது. இந்தத் தூரத்தில் மழைத்துளிகளால் ஏற்படும் இழப்பு இதன் முன் பொருட்டே அல்ல. ஆகவே வெயில் நாளில் 33 இருப்பதைக்கொண்டு மகிழாமல், நனைந்த மாலையில் 25க்குக் கீழே போகாதபடி அமைப்பதையே பரிந்துரைப்பேன். கேமராவுக்கு மட்டுமென்றால், படம் அவ்வப்போது தடுமாறினாலும் பரவாயில்லை என்போர் 20 வரை பொறுத்துக்கொள்ளலாம். 15க்குக் கீழான இணைப்பை நம்பி மோட்டாரை ஓட்ட மாட்டேன்.

ரேடியோ காட்டும் இரைச்சல் அளவில் விட்டுவிட்டு வரும் குறுக்கீடு பல நேரம் பதிவாவதில்லை. வித்தியாசம் நன்றாக இருந்தும் படம் தடுமாறினால், மறுமுறை அனுப்பப்படும் பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) விகிதத்தைப் பாருங்கள். சேனல் ஸ்கேனை எல்லோரும் இணையத்தில் இருக்கும் இரவு நேரத்தில் செய்யுங்கள்.