பழைய காம்பூர் ஷட்டரில் ஃப்ளாஷ் காண்டாக்ட்: நாலு வருச அனுபவம்

அப்புச்சி கோபியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவருடைய மரக் கேமராவோடு எனக்கு வந்தது டயல் செட் காம்பூர் ஷட்டர்: லென்ஸோடு சேர்ந்த பிளேடுகள் திறந்து மூடும், மேலே இருக்கும் சின்ன வட்டத்தைத் திருப்பி வேகம் வைக்க வேண்டும். மியூனிக்கில் டெக்கல் கம்பெனி செய்தது. ஃப்ளாஷ் ஒயர் செருக அதில் இடமே கிடையாது.

சென்னிமலைத் தறிக்கூடங்களில் படம் எடுக்க ஆரம்பித்தபோதுதான் அது பெரிய குறையாகத் தெரிந்தது. நான் போடுவது எக்ஸ்ரே ஃபிலிம், வேகம் குறைவு, வெளிச்சம் நிறைய கேட்கும். ஷட்டரை 'பி'யில் (அழுத்திப் பிடிக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) திறந்து வைத்து, கையால் ஃப்ளாஷ் அடித்து மூடினால், ஜன்னல் வெளிச்சமும் சேர்ந்து நெய்கிறவர் கை கலங்கிவிடும்.

அதனால் பிளேடுகள் முழுசாகத் திறக்கும்போது ஃப்ளாஷைத் தானாக அடிக்க வைக்கும் காண்டாக்டை நானே உள்ளே வைத்தேன். வேலை சின்னதுதான். ஷட்டர் உடம்பே ஒரு முனை. பிளேடுகளைத் திறக்கும் வளையம் ஓடி முடிகிற இடத்தில், உடம்பில் படாமல் ஒரு மெல்லிய பாஸ்பர் பிரான்ஸ் தகடு. அது இன்னொரு முனை. வளையம் வந்து தகட்டைத் தொட்டதும் ஃப்ளாஷ் அடிக்கும். கோவை கணபதியில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில், கரன்ட் கடத்தாத லெதராய்டு பேப்பர் துண்டு வாங்கி, தகட்டுக்கு அடியில் வைத்தேன். "ஏனுங்க, இத்தனூண்டு எந்த மோட்டாருக்குங்க?" என்று கேட்டார் கடை அண்ணன். உடம்பில் புதிதாக ஓட்டை போடவில்லை; இருந்த திருகிலேயே மாட்டிவிட்டேன். நீங்களும் ஓட்டை போடாதீர்கள்.

உயிர் இருப்பது தகட்டின் வளைவில். அபெர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை) முழுக்கத் திறந்து, கேமராவின் பின்பக்கம் வழியாகப் பார்த்துக்கொண்டே வெள்ளைச் சுவரில் ஃப்ளாஷ் அடியுங்கள். எனக்கு முதலில் லென்ஸுக்குள் நட்சத்திரம் தெரிந்தது. பிளேடு பாதி திறக்கும்போதே காண்டாக்ட் ஆகிவிட்டது என்று அர்த்தம். ட்வீசரால் மயிரிழை அளவு பின்னால் வளைத்தேன். மறுபடி நட்சத்திரம். ஏழெட்டு தடவைக்கு அப்புறம் முழு வட்டம் வந்தது. அந்த வட்டத்தைப் பார்த்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

முதல் வருசம் ஒரு பழைய ஃப்ளாஷை நேராக மாட்டியது தப்பு. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் முனையில் இருநூறு வோல்ட்டுக்கு மேல்! பொறி பறந்து தகடு குழிந்து, அடிக்கடி ஃப்ளாஷ் விட்டுப்போனது. தகட்டை மாற்றி, நடுவில் ஒயர் இல்லாமல் ஃப்ளாஷை அடிக்க வைக்கும் ரேடியோ டிரிகர் போட்டதிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. மழைக்காலம் முடிந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட காகிதத்தை இடையில் வைத்து இழுப்பேன், கறுப்பாக வரும். எண்ணெய் மட்டும் விடவே கூடாது.

நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் நான் வைக்கும் வேகம். தறிக்கூட வெளிச்சம் அதில் பதியாது, ஃப்ளாஷ் மட்டுமே படத்தை எடுக்கும். அதற்கு மேல் போனால் முழு பவரில் ஃப்ளாஷின் கடைசி வெளிச்சத்தை ஷட்டர் வெட்டிவிடுகிறது. போன மாதம் எடுத்த படத்தில், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவும் (நூல் கண்டு வைத்த ஓடம்) அதன் பின்னால் இழுபடும் ஊடை நூலும் தனித்தனியாகத் தெரிகின்றன.