ஒரே அணியா, பல அணிகளா?
இங்கிலாந்துக் கால்பந்தின் கீழ்நிலை லீக்குகளில் ஒரு தடுப்பாட்டக்காரர் நீடிக்கும் வழி ஒன்றல்ல என்பதற்கு ஜான் டிரோலப்பும் கிரகாம் அலெக்சாண்டரும் சான்று. இடது பின்கள வீரரான டிரோலப் 1960 முதல் 1980 வரை ஸ்விண்டன் டவுனுக்காக மட்டுமே 770 லீக் ஆட்டங்கள் ஆடினார். மூன்றாம் டிவிஷனில் இருந்த அந்த அணி 1969 லீக் கோப்பை இறுதியாட்டத்தில், சேறாகிக் கிடந்த வெம்ப்ளி மைதானத்தில், கூடுதல் நேரத்தில் அர்செனலை 3–1 என வீழ்த்தியபோது அவரும் களத்தில் இருந்தார். அலெக்சாண்டரோ ஸ்கன்தோர்ப், லூட்டன், பிரஸ்டன், பர்ன்லி என அணி மாறி, பெனால்டி அடிப்பதில் பெயர் வாங்கி, 2009இல், 37 வயதில்தான் நாட்டின் உச்சநிலை லீக்கான பிரீமியர் லீக்கில் கால் பதித்தார். விசுவாசத்துக்கு டிரோலப்பைத்தான் சொல்வார்கள். எனினும், போகுமிடமெல்லாம் தன்னைப் புதிதாக நிரூபிக்க வேண்டியிருந்த அலெக்சாண்டரின் பாதையே கடினமானது என்பேன். 2012 ஏப்ரலில், மீண்டும் பிரஸ்டனுக்காக ஆடிய கடைசி ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில், ஃப்ரீ கிக்கில் கோலடித்து சார்ல்டனுடன் 2–2 எனச் சமன் செய்துவிட்டே அவர் விடைபெற்றார்.