நியூயார்க் போய்த் திரும்ப வேண்டும்: ஆராடோவா, ஹார்ட்டனா?

4 டன் குண்டு, 11,000 கிலோமீட்டர், ஜெட் எஞ்சின். இரண்டாம் உலகப்போரின்போது, அமெரிக்காவில் குண்டு போட்டுத் திரும்பும் விமானத்துக்கு 1944 கடைசியில் ஜெர்மன் விமான அமைச்சகம் கேட்டது இதைத்தான். பெர்லினிலிருந்து நியூயார்க் போய்வரவே கிட்டத்தட்ட 12,800 கிலோமீட்டர். அமெரிக்காவுக்கு இன்னும் பக்கமாக இருந்த பிரான்ஸ் கடற்கரையும் அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது.

ஆராடோ நிறுவனத்தின் ஈ.555, தடித்த இறக்கையின் பின்பக்க முதுகில் ஆறு பி.எம்.டபிள்யூ 003 எஞ்சின்களை வரிசையாக வைத்தது. வேகம் 860 கி.மீ., பறக்கும் தூரம் 4,800 கி.மீ. என்று எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்காவுக்கு ஒரு வழிப் பயணத்துக்கே பற்றாது. ஆனாலும் அந்த எண்ணை நம்பலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஏஆர் 234 என்ற ஜெட் குண்டுவீச்சு விமானத்தைப் போர்க்களத்தில் பறக்கவிட்ட நிறுவனம் இது. எஞ்சின் எவ்வளவு குடிக்கும் என்று பட்டுத் தெரிந்தவர்கள்.

விமான வடிவமைப்பாளர்களான ஹார்ட்டன் சகோதரர்களின் எச்.18 'ஏ' வடிவம் மொத்தமும் இறக்கை மட்டும்தான். உடலும் இல்லை, வாலும் இல்லை, காற்றின் தடையும் குறைவு. ஒட்டுப்பலகை உடம்புக்குள் ஆறு ஜூமோ 004 ஜெட் எஞ்சின்கள். மேலெழும்பியதும் சக்கரங்களைக் கழற்றிப்போட்டுவிட்டு, திரும்பி வந்ததும் சறுக்குக்கட்டையில் வயிறு உரச இறங்க வேண்டும். கிளம்பிய ஐந்தாம் நிமிடமே ஒரு எஞ்சின் மக்கர் செய்தால்? தொட்டி நிறைய எரிபொருளோடு அந்தக் கட்டையில்தான் இறங்கியாக வேண்டும்.

இவர்கள் சொன்ன 11,000 கிலோமீட்டரைத்தான் நான் உரசிப் பார்க்க விரும்புகிறேன். தரைமட்டத்தில் முழு விசையில் ஒரு ஜூமோ மணிக்குச் சுமார் 1,250 கிலோ எரிபொருள் குடிக்கும்; ஆறுக்கு ஏழரை டன். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் செலவாகும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், மணிக்கு இரண்டரை டன். 850 கி.மீ. வேகத்தில் இது 13 மணி நேரப் பயணம். ஆக, 32 டன்னுக்கு மேல். விமானமே குண்டு, எரிபொருள் எல்லாம் சேர்த்துச் சுமார் 32 டன்தான்!

எஞ்சினின் ஆயுள் இன்னொரு தலைவலி. நிக்கல் தட்டுப்பாட்டில் மட்டமான உலோகத்தால் செய்த ஜூமோ, 10 முதல் 25 மணி நேரம் ஓடினாலே பெரிது. அதன் மூக்குக்குள் ஒரு குட்டி இரண்டு-ஸ்ட்ரோக் மோட்டார் இருக்கும். அதுதான் ஸ்டார்ட்டர், மின்சாரம் கைவிட்டால் பம்புசெட் கணக்காகக் கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். அப்படிக் கிளப்பிய ஆறும் அட்லாண்டிக் மேல் 13 மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும்.

போட்டியிலிருந்த மெஸ்ஸர்ஷ்மிட் நிறுவனத்தின் பி.1107 வாலும் உடலுமாக வழக்கமான உருவம். நம்பியிருந்ததோ ஹைன்கல் 011 எஞ்சினை. போர் முடியும்வரை அதில் செய்து முடித்தவை 19 மட்டுமே, அதனால் அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

என் ஓட்டு ஆராடோவுக்கு. 1944 டிசம்பர் கடைசியில் அவர்களை வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஹார்ட்டன்களின் இரட்டை எஞ்சின் ஜெட்டோ 1945 பிப்ரவரி 18 அன்று எஞ்சின் கோளாறில் விழுந்து, விமானி எர்வின் சில்லர் இறந்தார். அதற்குப் பிறகும், மார்ச்சில், விமானப்படைத் தலைவர் கோயரிங் பச்சைக்கொடி காட்டியது ஹார்ட்டனின் நான்கு எஞ்சின் 'பி' வடிவத்துக்கு. அதற்கும் அதே ஹைன்கல் 011தான். கட்டவிருந்த இடம் ஜெர்மனியின் கால்லா; கட்டாய உழைப்பாளிகளை வதைத்து மெ 262 ஜெட் போர்விமானம் செய்துகொண்டிருந்த மலைக்குகைத் தொழிற்சாலை. ஏப்ரலில் அமெரிக்கப் படை அங்கே வந்துவிட்டது.