நாணய ஏலங்கள்: பல வருஷம் ஏலம் கேட்டதில் தெரிந்த கணக்கு

மும்பையில் டோடிவாலா, ஓஸ்வால். பெங்களூரில் மருதர் ஆர்ட்ஸ். அகமதாபாத்தில் கிளாசிக்கல் நியூமிஸ்மாட்டிக் கேலரி. வெளிநாட்டில் கலிபோர்னியா சான்டா ரோசாவின் ஸ்டீபன் ஆல்பம், லண்டனின் நூனன்ஸ், ஸ்பிங்க். இந்திய நாணயம் சேர்ப்பவர்கள் அதிகம் புரட்டும் கேட்லாக்குகள் இந்த ஏல நிறுவனங்களுடையவைதான். கடை பெருகினால் விலை இறங்கும் என்ற சந்தைக் கணக்கு இங்கே பலிக்காது. ஏலக்காரருக்குச் சரக்கு சொந்தமில்லை. யாரோ ஒருவர் கொண்டுவந்து கொடுத்தால்தான் கேட்லாக். ஆகவே போட்டியெல்லாம் நல்ல சேகரிப்பு வைத்திருப்பவரைப் பிடிப்பதில்தான். அவருக்கு விற்பனைக் கமிஷனைக் குறைப்பார்கள், முன்பணம் தருவார்கள், பெரிய சேகரிப்பு என்றால் கமிஷனே வேண்டாம் என்பார்கள். விட்டுக்கொடுத்ததை எடுக்கும் இடம் பையர்ஸ் பிரீமியம், அதாவது ஏல விலைக்கு மேல் வாங்குபவரிடம் வசூலிக்கும் சதவீதம். அதைக் கட்டுவது நாம்.

இந்தப் பிரீமியத்தை 1975-ல் லண்டனில் கிறிஸ்டீஸும் சொதபீஸும் 10 சதவீதமாக ஆரம்பித்து வைத்தார்கள். இன்று வெளிநாட்டு நாணய ஏலங்களில் 20-ஐ ஒட்டியோ தாண்டியோ நிற்கிறது. இதே இரண்டு நிறுவனங்களும் 90-களில் கமிஷன் விகிதத்தைத் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டது பிறகு அம்பலமாகி, அமெரிக்காவில் 51.2 கோடி டாலர் இழப்பீட்டில் போய் முடிந்தது. போட்டியாளர்கள் என்று பெயர் இருந்தால் போட்டி இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஏலம் கேட்பதற்கு முன் போடவேண்டிய கணக்கு இது. ஹேமர் விலை (சுத்தியல் அடித்து ஏலம் முடியும் விலை) 1,00,000 ரூபாய், பிரீமியம் 20 சதவீதம் என்று வையுங்கள். பிரீமியம் 20,000. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,600. கையை விட்டுப் போவது 1,23,600. நாணயத்தின் மீதான ஜிஎஸ்டி, கூரியர், இன்சூரன்ஸ் எல்லாம் இதற்கு மேல். மொத்தமே ஒரு லட்சம்தான் என்றால் 1.236-ஆல் வகுத்து, 80,900-இல் கையை இறக்கிவிட வேண்டும். ஏல வேகத்தில் இந்த வகுத்தலை மனத்தில் போட முடியாது. ஒவ்வொரு லாட்டுக்கும் (ஏலத்தில் தனியாக விற்கும் உருப்படி) உச்ச விலையைக் கேட்லாக் ஓரத்தில் முதல் நாளே பென்சிலால் எழுதி வைப்பதே வழி.

அதே நாணயத்தைத் திரும்ப ஏலத்துக்கே கொடுத்தால் இன்னும் உறைக்கும். விற்பனைக் கமிஷன் 10 சதவீதம் என்றால், அதே ஒரு லட்சத்துக்குப் போனாலும் கைக்கு வருவது 90,000. போட்ட பணம் திரும்பவே ஹேமர் 1,37,300-ஐத் தொட வேண்டும். நாணயம் முதலீடு என்று சொல்பவர்கள் இந்த 37 சதவீதத்தைச் சொல்வதில்லை.

இந்திய, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இடையிலான போட்டியில் சட்டம் ஒரு பக்கக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் ஆன நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. இங்குள்ளவர் தன் விஜயநகர வராகனை ஸ்டீபன் ஆல்பத்துக்கு அனுப்பி டாலர் விலை பார்க்க வழியில்லை. உள்நாட்டு ஏலக்காரருக்கு இது தானாகக் கிடைத்த வேலி. வெளிநாட்டு ஏலங்களில் விற்பனைக்கு வருபவை ஏற்கெனவே வெளியில் இருந்தவை. கனடாக்காரர் ராபர்ட் பட்டெஸ்டர் சேர்த்த பிரிட்டிஷ் இந்திய நாணயங்களை நூனன்ஸ் 2023 முதல் பகுதி பகுதியாக விற்றது இந்த ரகம். எல்லைக்கோடு வருஷா வருஷம் நகர்வதும் நினைவில் இருக்கட்டும்: 1911 ரூபாய் (அரசரின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்ற அதே நாணயம்) கோட்டைத் தாண்டிப் பல வருஷமாகிறது. 1939 ரூபாய்க்கு 2039 வரை அவகாசம்.

வெளியிலிருந்து வாங்கி இங்கே வரவழைக்க விரும்புபவர்கள் இன்வாய்ஸில் சுங்கத் தலைப்பு எண் என்ன போடுவார்கள் என்று முன்பே கேட்டு வாங்குங்கள். சேகரிப்புப் பொருளுக்கு 9705, வெறும் நாணயத்துக்கு 7118. தங்கம் இரண்டாவதில் நுழைந்தால் வரியும் விளக்கமும் சேர்ந்து இழுத்தடிக்கும்.

கேட்லாக் படத்தை நம்பும் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நேர் மேலிருந்து விழும் பரவலான வெளிச்சத்தில் மெல்லிய கீறல் எதுவும் தெரியாது. புளி போட்டுத் தேய்த்த சொம்பு மாதிரி சீராக மின்னும் பழைய வெள்ளிக்குக் கிட்டே போகவே வேண்டாம். படம் சந்தேகமாக இருந்தால் சாய்த்துப் பிடித்து எடுத்த குறும் வீடியோ கேளுங்கள். நல்ல நிறுவனம் ஒரே நாளில் அனுப்பும். எடை போடாத கேட்லாக்கில் தங்கம் வாங்கக் கூடாது.

நம் பக்கத்துத் தங்கத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வராகனோ மொகராவோ காசுமாலையிலோ தாலிக்கொடியிலோ ஒரு தலைமுறை தொங்கிவிட்டுத்தான் ஏலத்துக்கு வரும். வளையத்தை அறுத்து, பற்றவைத்த இடத்தை அரத்தால் இழைத்துவிடுவார்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் விளிம்பை மட்டும் சுற்றிப் பாருங்கள். உருவத்தின் தலைக்கு நேர் மேலே ஓரிடம் மட்டும் தட்டையாக, சுற்றியுள்ளதை விட வெளிறி இருந்தால் அதுதான். கேட்லாக் படங்களில் விளிம்பு வராது. நாணயத்துக்குத் தரச் சான்று தரும் என்ஜிசி நிறுவனத்தின் ஸ்லாப் (மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டி) என்றால் 'மவுன்ட் ரிமூவ்ட்' (வளையம் நீக்கியது) என்று குறையைச் சொல்லும் டீடெய்ல்ஸ் சீட்டு ஒட்டியிருக்கும். ஸ்லாப் இல்லாதவற்றில் நேரில் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

அரிதாகக் கிடைக்கும் 1939 ரூபாயும் இப்படியே. 1938-ன் கடைசி எண்ணைச் சுரண்டி 9 ஆக்குவது பழைய வித்தை. எண்ணைச் சுற்றி மட்டும் பரப்பு வழவழவென்று, அக்கம்பக்கத்துப் பளபளப்பு அங்கே அறுந்து இருக்கும். அசல் 11.66 கிராம், 91.7 சதவீத வெள்ளி, விளிம்பு முழுக்க நேர்க்கோடுகள். 1940 முதல் வந்த 50 சதவீத வெள்ளி ரூபாய்க்கு, நடுவே பள்ளம் ஓடும் பாதுகாப்பு விளிம்பு வந்துவிட்டது. அந்த விளிம்போடு 1939 வந்தால் கையில் எடுக்கவே வேண்டியதில்லை.

ப்ரூஃப் நாணயம் (மெருகேற்றிய அச்சில் தனிக் கவனத்தோடு அடித்தது) என்றால் கேட்லாக்கில் 'ரீஸ்ட்ரைக்' என்ற ஒற்றைச் சொல்லைத் தேடுங்கள். கல்கத்தா, பம்பாய் நாணயச் சாலைகள் கேட்டவர்களுக்கு அடித்துக்கொடுத்த மறு அச்சுகள் 1970 வரை வந்தன. 1835 இரட்டை மொகரா போன்றவற்றில் அசலுக்கும் மறு அச்சுக்கும் விலை ஒன்றல்ல. அந்தச் சொல்லும் இல்லை, 'ஒரிஜினல்' என்றும் இல்லை என்றால் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்காமல் கையைத் தூக்காதீர்கள்.

முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் ஆப்சென்டீ பிட்தான் ஒரு நிறுவனத்தின் நேர்மையை அளக்க நல்ல கோல். 50,000 எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், அடுத்தவர் 32,000-இல் நின்றுவிட்டார் என்றால் உங்களுக்கு அதற்கு ஒரு படி மேலே விழ வேண்டும். பத்துப் பதினைந்து லாட்டுகளைக் குறித்து வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் நீங்கள் எழுதிய உச்சத்திலேயே சரியாக வந்து விழுந்தால், அங்கே இனி ஆன்லைனில் நேரலையாக மட்டும் கேளுங்கள். நிறுவனமோ ஊழியர்களோ ஏலம் கேட்கலாம் என்று விதிமுறையில் இருக்கிறதா என்பதையும் பதிவு செய்யும் முன் பார்த்துவிடுங்கள். கேட்லாக்கில் போடும் உத்தேச விலையான எஸ்டிமேட்டுக்கு மதிப்பே தர வேண்டாம். ஆளை இழுக்கத் தாழ்த்திப் போடுவது உலக வழக்கம். பழைய ஹேமர் விலைதான் ஆதாரம்.

பணம் கட்டுவதில் குழப்பம் வேண்டாம். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது; பேன் எண்ணும் கேட்பார்கள்.

பார்சல் வந்ததும் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள், கேட்லாக் படத்தோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள், 0.01 கிராம் தராசில் எடை போடுங்கள். போலி என்று திருப்பித் தரும் அவகாசம் பல இடங்களில் நாள் கணக்கில்தான், அதுவும் எழுத்தில். சில நிறுவனங்களில் 'உள்ளது உள்ளபடி' என்ற வரிக்குள் பழைய நாணயம் மொத்தமும் அடங்கிவிடும். கேட்லாக்கின் கடைசிப் பக்கத்தில், ஆகச் சின்ன எழுத்தில் இருக்கும் அந்த வரியை முதலில் படியுங்கள்.